ஒரு பாக்கெட்டின் பின்னால் நடந்தால் போதும்: ஸ்விட்சிங், ரவுட்டிங் சொற்கள் எளிய தமிழில்

நெட்வொர்க் படிக்க உட்கார்ந்தால் முதல் வாரத்திலேயே நாற்பது ஐம்பது சொற்கள் மொத்தமாக வந்து மேலே விழும். மேக் முகவரி, ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், ஆர்ப், விலேன், டிரங்க், கேட்வே, மெட்ரிக் என்று ஒவ்வொன்றுக்கும் வரையறையை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடலாம், ஆனால் ஒரு நாள் யாராவது வந்து "பிரிண்டர் வேலை செய்யுது, சர்வர் மட்டும் வரமாட்டேங்குது" என்று நின்றால் அந்த வரையறைகளில் ஒன்றும் கைகொடுக்காது. பலருக்கும் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: இந்தச் சொற்களைத் தனித்தனியாகப் படிக்கக் கூடாது. ஒரே ஒரு பாக்கெட்டை (நெட்வொர்க்கில் போகும் சின்னத் தகவல் பொட்டலம்) பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடக்க வேண்டும். வழியில் அதற்கு ஒரு சிக்கல் வரும், அந்தச் சிக்கலை யாரோ ஒரு விதமாகத் தீர்த்திருப்பார்கள், அந்தத் தீர்வுக்கு ஒரு பெயர் இருக்கும். சிக்கல் புரிந்தால் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும்.

சரி, நடப்போம். உங்கள் லேப்டாப்பின் ஐபி முகவரி 192.168.1.10. அதே ஸ்விட்சில் (ஒரு நெட்வொர்க்கின் கருவிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி) கேபிள் போட்டிருக்கும் பிரிண்டரின் முகவரி 192.168.1.25. வெளியே எங்கோ ஒரு வெப் சர்வர் இருக்கிறது, அதன் முகவரி 203.0.113.50 (உதாரணங்களுக்கென்றே ஒதுக்கிவைத்த முகவரி வரிசைகளில் ஒன்று இது, அதனால் யாருடைய சர்வரையும் நாம் தொந்தரவு செய்யப்போவதில்லை). முதலில் பிரிண்டருக்கு ஒரு பக்கம் அனுப்புவோம், அப்புறம் வெப் சர்வருக்குப் போவோம்.

உள்ளேயா, வெளியேயா?

பலர் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. ஸ்விட்சும் ரவுட்டரும் (நெட்வொர்க்குக்கும் நெட்வொர்க்குக்கும் நடுவே நிற்கும் கருவி) வேலையைத் தொடங்கும் முன்பே முக்கியமான முடிவை லேப்டாப் எடுத்துவிடுகிறது. "நான் அனுப்ப வேண்டிய ஆள் என் நெட்வொர்க்குக்கு உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா?" என்ற கேள்விதான் அது. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாச் சொல்லும் ஏதோ ஒரு வகையில் இந்தக் கேள்வியில் வந்து தொங்கும்.

இதற்கு விடை சொல்லத்தான் சப்நெட் மாஸ்க். ஐபி முகவரி (பழைய, நமக்குப் பழகிய நான்காம் பதிப்பு) மொத்தம் 32 பிட்; எட்டெட்டாகப் பிரித்து நான்கு எண்ணாக எழுதுகிறோம், அவ்வளவுதான். மாஸ்க் 255.255.255.0 என்றால் முதல் 24 பிட்டும் நெட்வொர்க்கின் பெயர், கடைசி 8 பிட் அதற்குள் இருக்கும் கருவியின் எண். இதையே சுருக்கி /24 என்று எழுதுவார்கள். லேப்டாப் தன் முகவரியிலும் பிரிண்டர் முகவரியிலும் அந்த 24 பிட்டை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டிலும் 192.168.1 என்று வருகிறது, ஆக உள்ளே. 203.0.113 என்று வந்தால் வெளியே. உள்ளே என்றால் நேரடியாகக் கொடுக்கலாம். வெளியே என்றால் டீஃபால்ட் கேட்வே எனப்படும் வாசலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த வாசல் ஒரு ரவுட்டர், நம் உதாரணத்தில் 192.168.1.1.

ஒரு /24 நெட்வொர்க்கில் 256 முகவரிகள் இருந்தாலும் கருவிகளுக்குக் கொடுக்க முடிவது 254தான். முதல் முகவரி நெட்வொர்க்கையே குறிக்கும், கடைசி முகவரி எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிடும் பிராட்காஸ்ட் முகவரி. இந்த ஐபி, மாஸ்க், கேட்வே மூன்றையும் லேப்டாப்புக்கு யார் சொன்னது என்று கேட்டால், பெரும்பாலும் டிஎச்சிபி சர்வர். லேப்டாப் உள்ளே வந்ததும் "எனக்கு ஒரு முகவரி வேண்டும்" என்று கூவும், சர்வர் ஒன்றை எடுத்துக் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும். யாரும் பதில் சொல்லவில்லை என்றால் பல கணினிகள் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாங்களே போட்டுக்கொள்ளும். அந்த எண்ணைப் பார்த்தால் வேறெதையும் தேடாமல் டிஎச்சிபி பக்கம் போய்ப் பாருங்கள்.

இரண்டு முகவரி எதற்கு?

புதிதாகப் படிப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இது. ஐபி முகவரிதான் இருக்கிறதே, மேக் முகவரி என்று இன்னொன்று எதற்கு?

பதில் இப்படி: ஐபி முகவரி கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல்கிறது. மேக் முகவரி, இந்தக் கேபிளில் அடுத்ததாக யார் கையில் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. பயணம் முழுக்க ஐபி மாறாது (நாட் வரும் இடத்தில் மட்டும் மாறும், அதைப் பின்னால் பார்ப்போம்). மேக் முகவரி ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் மாறிக்கொண்டே போகும். இந்த ஒரு வித்தியாசத்தை நெஞ்சில் பதித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, உண்மையாகவே.

மேக் முகவரி 48 பிட். 00:11:22:33:44:55 என்பது போல ஆறு ஜோடிகளாக எழுதுவார்கள். முதல் பாதி 24 பிட், பொதுவாக நெட்வொர்க் கார்டைச் செய்த நிறுவனத்துக்கு ஐஇஇஇ அமைப்பு ஒதுக்கியது. மீதியை அந்த நிறுவனம் கார்டுக்குக் கார்டு மாற்றிப் போடும். இப்போதைய போன்கள் வைஃபையில் சேரும்போது தனியுரிமைக்காகத் தாங்களே உருவாக்கிய மேக் முகவரியைக் காட்டுவதும் உண்டு, ஆகவே "மேக் முகவரி மாறவே மாறாது" என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அனுப்பப்படும் பொருளுக்கும் இரண்டு பெயர் இருப்பது இதனால்தான். ஐபி முகவரிகள் எழுதியிருக்கும் உறை பாக்கெட். அதை இன்னொரு உறைக்குள் போட்டு மேலே மேக் முகவரிகளை எழுதினால் அது ஃபிரேம். ஒரு சாதாரண ஈத்தர்நெட் (கேபிள் நெட்வொர்க்கின் வழக்கமான முறை) ஃபிரேமின் தலைப்பகுதி 14 பைட்: போக வேண்டிய மேக் 6, அனுப்பிய மேக் 6, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் வகை எண் 2. உள்ளே அதிகபட்சம் 1500 பைட் வைக்கலாம், இதைத்தான் எம்டியூ என்கிறார்கள். வாலில் 4 பைட், வழியில் ஏதாவது சேதமானதா என்று சரிபார்க்க. ஸ்விட்ச் பார்ப்பது வெளி உறையை, ரவுட்டர் அதைப் பிரித்து உள் உறையைப் பார்க்கும். லேயர் 2, லேயர் 3 என்று புத்தகங்கள் சொல்வது இந்த இரண்டு உறைகளைத்தான்.

இப்போது லேப்டாப்புக்கு ஒரு சிக்கல். பிரிண்டரின் ஐபி தெரியும், மேக் தெரியாது. வெளி உறையில் என்ன எழுதுவது? நெட்வொர்க் முழுக்கக் கேட்கும்படி ஒரு கேள்வி போடுகிறது: "192.168.1.25 யார்? உன் மேக் முகவரியை 192.168.1.10க்குச் சொல்." இந்த ஃபிரேமில் போக வேண்டிய மேக் முகவரியின் 48 பிட்டும் 1, அதாவது பிராட்காஸ்ட், எல்லோருக்கும். எல்லோரும் கேட்பார்கள், பிரிண்டர் மட்டும் பதில் சொல்லும், அந்தப் பதில் லேப்டாப்புக்கு மட்டும் போகும் (ஒருவருக்கு மட்டும் போவது யூனிகாஸ்ட்). கேட்டுத் தெரிந்துகொண்டதை லேப்டாப் கொஞ்ச நேரம் ஒரு பட்டியலில் குறித்துவைத்துக்கொள்ளும். 1982இல் வகுக்கப்பட்ட இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஆர்ப். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் இன்று உங்கள் மேசையில் இருக்கும் கணினி இதையேதான் செய்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓர் இடத்தில் ஒருவருடைய கணினியில் இணையம் வரும், பிரிண்டர் வரும், 192.168.5.20 என்ற கோப்பு சர்வர் மட்டும் வராது. பக்கத்து மேசைக்காரருக்கு எல்லாமே வருகிறது. கேபிள் மாற்றினோம், ஸ்விட்ச் போர்ட் (கேபிள் செருகும் இடம்) மாற்றினோம், சர்வரில் அவருடைய அனுமதிகளைத் தோண்டினோம், அரை நாள் போயிற்று. கடைசியில் பார்த்தால் யாரோ கையால் முகவரி போட்டபோது மாஸ்க்கை 255.255.0.0 என்று போட்டிருந்தார்கள். அந்தக் கணினி முதல் 16 பிட்டை மட்டும் ஒப்பிட்டிருக்கிறது: 192.168, 192.168, இரண்டும் ஒன்று, ஆக சர்வர் "உள்ளே". உள்ளே என்பதால் கேட்வேயிடம் போகவே இல்லை, ஆர்ப்பில் கூவிக்கொண்டே இருந்திருக்கிறது. சர்வரோ ரவுட்டருக்கு அந்தப் பக்கம், அந்தக் கூவல் அதன் காதில் விழவே விழாது, ஏனென்றால் ரவுட்டர் பிராட்காஸ்டைத் தாண்டவிடாது. பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்தபோது பதில் சர்வரிடமிருந்தோ கேட்வேயிடமிருந்தோ வராமல், அந்தக் கணினியின் சொந்த முகவரியிலிருந்தே "சென்றடைய முடியவில்லை" என்று வந்ததை நாங்கள் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும். சொந்த முகவரியிலிருந்து அந்தப் பதில் வந்தால் பெரும்பாலும் ஆர்ப்புக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம்.

ஸ்விட்ச் எப்படிக் கற்றுக்கொள்கிறது

ஆர்ப் முடிந்தது, ஃபிரேம் தயார், கேபிளில் இறங்கி ஸ்விட்சுக்கு வருகிறது. லேப்டாப் போர்ட் 3இல், பிரிண்டர் போர்ட் 7இல். ஸ்விட்சுக்கு இது எப்படித் தெரியும்? யாரும் சொல்லித்தரவில்லை. உள்ளே வரும் ஒவ்வொரு ஃபிரேமிலும் அது அனுப்பியவரின் மேக் முகவரியைப் பார்க்கிறது: "போர்ட் 3 வழியாக இந்த மேக் வந்தது, ஆக இவர் போர்ட் 3 பக்கம் இருக்கிறார்." இப்படிக் குறித்துவைக்கும் பட்டியல்தான் மேக் டேபிள். கற்பது அனுப்பியவரைப் பார்த்து, அனுப்புவது பெறுபவரைப் பார்த்து. இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் நிறைய.

பெறுபவர் டேபிளில் இருந்தால் அந்தப் போர்ட்டில் மட்டும் ஃபிரேம் வெளியே போகும். இல்லையென்றால் ஸ்விட்ச், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டிலும் அனுப்பிவிடும், இதற்கு ஃபிளடிங் என்று பெயர். நம் கதையில் அதற்கு அவசியமே வராது, ஏனென்றால் ஆர்ப் கேள்வி போனபோதே லேப்டாப் இருக்கும் போர்ட்டையும், பதில் வந்தபோது பிரிண்டர் இருக்கும் போர்ட்டையும் ஸ்விட்ச் கற்றுக்கொண்டுவிட்டது. கற்றதை நிரந்தரமாகவும் வைத்துக்கொள்வதில்லை. ஒரு மேக்கிடமிருந்து சத்தமே இல்லை என்றால், பல ஸ்விட்சுகளில் 300 விநாடியில், அந்த வரி அழிந்துவிடும்.

இதன் அருமை தெரிய முன்பு இருந்த ஹப்பை நினைத்துப் பார்க்க வேண்டும். ஹப்புக்கு மூளை கிடையாது, ஒரு போர்ட்டில் வந்த மின் சைகையை எல்லாப் போர்ட்டிலும் திருப்பிப் போடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மோதல், இருவரும் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல வேண்டும். அப்படி மோதிக்கொள்ளக்கூடிய கருவிகளின் கூட்டம் ஒரு கொலிஷன் டொமைன். ஸ்விட்சில் ஒவ்வொரு போர்ட்டும் தனி கொலிஷன் டொமைன், அதோடு ஃபுல் டூப்ளக்ஸில் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியும் என்பதால் மோதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஈத்தர்நெட் ஸ்விட்சை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது கல்பனா என்ற பெயரில் அமெரிக்காவில் இயங்கிய நிறுவனம். 1990இல் வந்த அந்தக் கருவியில் ஏழே போர்ட். 1994இல் நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது.

ஆனால் பிராட்காஸ்ட் பிரச்சினையை ஸ்விட்ச் தீர்க்கவில்லை. ஒருவர் கூவினால் ஸ்விட்சில் இருக்கும் எல்லோரும் கேட்டாக வேண்டும். ஐந்து ஸ்விட்சைச் சேர்த்துக் கட்டினால் ஐந்திலும் இருப்பவர்கள் கேட்டாக வேண்டும். கூவல் எட்டும் தூரம் ஒரு பிராட்காஸ்ட் டொமைன். அதை உடைக்க இரண்டு வழி: நடுவில் ரவுட்டர் வைப்பது, அல்லது விலேன் போடுவது.

விலேன் என்றால் ஒரே ஸ்விட்சுக்குள் கோடு கிழித்துப் பல ஸ்விட்சாக நடந்துகொள்ளச் செய்வது. போர்ட் 1 முதல் 12 வரை விலேன் 10, மீதி விலேன் 20 என்று சொல்லிவிட்டால், பெட்டி ஒன்றாக இருந்தாலும் இவர்கள் கூவல் அவர்களுக்குக் கேட்காது. ஒரு கருவியை மட்டும் மாட்டும் போர்ட் ஆக்சஸ் போர்ட், அது ஒரே விலேனைச் சேர்ந்தது. இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே எல்லா விலேனும் ஒரே கேபிளில் போக வேண்டும் என்றால் அது டிரங்க் போர்ட். டிரங்கில் போகும் ஒவ்வொரு ஃபிரேமிலும் 4 பைட் சீட்டு ஒன்று செருகப்படும், அதில் விலேன் எண்ணுக்கு 12 பிட். அதனால்தான் பயன்படுத்தக்கூடிய விலேன் 4094க்கு மேல் கிடையாது. சீட்டு இல்லாமல் டிரங்கில் வரும் ஃபிரேம் எந்த விலேனைச் சேர்ந்தது என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நேட்டிவ் விலேன், இது இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு முனையில் 1, மறுமுனையில் 10 என்று இருந்தால் ஒரு விலேனின் ஃபிரேம்கள் சத்தமில்லாமல் இன்னொன்றில் போய் விழும், கண்டுபிடிக்க மிகச் சிரமப்படுவீர்கள்.

விலேன் 10இல் இருப்பவர் விலேன் 20இல் இருப்பவரோடு பேச வேண்டும் என்றால் ரவுட்டர் வேண்டும், பக்கத்துப் பக்கத்துப் போர்ட்டில் இருந்தாலும்கூட. அந்த ரவுட்டர் வேலையையும் தானே செய்யும் ஸ்விட்ச்தான் லேயர் 3 ஸ்விட்ச்.

சுற்றிச் சுற்றி வரும் ஃபிரேம்

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மேசைக்கு அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. ஒரு நாள் அதிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையை யாரோ நல்லெண்ணத்தில் எடுத்து, காலியாக இருந்த போர்ட்டில் செருகிவிட்டார்கள். கேபிளின் இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில். அடுத்த நிமிஷமே அந்தத் தளத்தில் இருந்த ஐபி போன்கள் எல்லாம் அறுந்தன, கணினிகள் நின்றன. ஸ்விட்ச் அலமாரியைத் திறந்தால் வழக்கமாகத் தனித்தனியாகக் கண்சிமிட்டும் விளக்குகள் அத்தனையும் ஒரே தாளத்தில் வெறித்தனமாக அடித்துக்கொண்டிருந்தன. அந்தக் காட்சியை ஒரு முறை பார்த்துவிட்டால் மறக்கவே முடியாது. கேபிளைப் பிடுங்கியதும் சில விநாடிகளில் எல்லாம் சரியாகிவிட்டது.

நடந்தது என்ன? ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் வருகிறது. ஸ்விட்ச் எல்லாப் போர்ட்டிலும் அனுப்புகிறது. அதில் ஒரு போர்ட்டில் போனது அந்தக் கேபிள் வழியாகத் திரும்ப அதே ஸ்விட்சுக்குள் வருகிறது, மறுபடி எல்லாப் போர்ட்டிலும் போகிறது, மறுபடி வருகிறது. ஈத்தர்நெட் ஃபிரேமில் "இத்தனை முறைதான் போகலாம்" என்ற கணக்கே கிடையாது, ஆகவே அது தானாக நிற்காது. பெருகிப் பெருகிக் கேபிளின் முழு வேகத்தையும் விழுங்கிவிடும். இதுதான் பிராட்காஸ்ட் ஸ்டார்ம்.

ஆனால் வளையமே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, ஒரு கேபிள் அறுந்தால் மாற்று வழி வேண்டுமே! மாற்றுக் கேபிளும் இருக்க வேண்டும், வளையமும் இருக்கக் கூடாது. இந்த முரணை 1985இல் தீர்த்தவர் ரேடியா பெர்ல்மன், அப்போது டிஇசி நிறுவனத்தில் வேலை பார்த்தார். அவர் வடித்த முறை ஸ்பேனிங் ட்ரீ. ஸ்விட்சுகள் தங்களுக்குள் சின்னச் சின்னச் செய்திகளை (பிபிடியு) அனுப்பி, ஒருவரைத் தலைவராக, அதாவது ரூட் பிரிட்ஜாகத் தேர்ந்தெடுக்கும். ஒவ்வொரு ஸ்விட்சும் ரூட்டுக்குப் போகக் குறைந்த செலவுள்ள பாதையை வைத்துக்கொண்டு, வளையம் உண்டாக்கும் மிச்சப் போர்ட்டுகளை மூடிவைக்கும். மூடிய போர்ட் பிபிடியுவைக் கேட்டுக்கொண்டே இருக்கும், வழக்கமான பாதை அறுந்தால் திறந்துகொள்ளும்.

ரூட்டாக யார் வருவார்கள் என்பதில் ஒரு நுணுக்கம். முன்னுரிமை எண் குறைவாக இருப்பவர் வெல்வார். அது பொதுவாக எல்லா ஸ்விட்சிலும் 32768 என்றே இருக்கும். சமமானால் மேக் முகவரி சிறியதாக இருப்பவர். ஆக, யாரும் எதையும் அமைக்காமல் விட்டால், மூலையில் கிடக்கும் பழைய ஸ்விட்ச் ஒன்று மொத்த நெட்வொர்க்குக்கும் தலைவராக வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பழையவற்றுக்குச் சிறிய மேக் எண் இருப்பது சகஜம். நடுவில் இருக்கும் நல்ல ஸ்விட்சுக்கு நீங்களே முன்னுரிமை எண்ணைக் குறைத்துக் கொடுத்துவிடுங்கள். பழைய ஸ்பேனிங் ட்ரீயில் ஒரு போர்ட் திறக்க 30 விநாடி ஆகும், 2001இல் வந்த விரைவுப் பதிப்பு பெரும்பாலும் ஓரிரு விநாடியில் முடித்துவிடும்.

வாசலைத் தாண்டி

பிரிண்டர் போதும், இப்போது 203.0.113.50க்குப் போவோம். லேப்டாப் கணக்குப் போட்டுப் பார்க்கிறது: வெளியே. ஆகவே கேட்வேயின் மேக் முகவரியை ஆர்ப் மூலம் கேட்டு வாங்கி, வெளி உறையில் கேட்வேயின் மேக்கையும் உள் உறையில் சர்வரின் ஐபியையும் எழுதி அனுப்புகிறது. இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். சர்வரின் மேக் முகவரி லேப்டாப்புக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ரவுட்டர் (திசைவி என்ற தமிழ்ச் சொல்லும் எனக்குப் பிடிக்கும், செய்யும் வேலையை அப்படியே சொல்கிறது) தனக்கு வந்த ஃபிரேமின் வெளி உறையைக் கிழித்துப் போடுகிறது. உள்ளே இருக்கும் பாக்கெட்டில் டிடிஎல் என்ற எண்ணில் ஒன்றைக் குறைக்கிறது. ஃபிரேமில் இல்லாத அந்தக் கணக்கு பாக்கெட்டில் இருக்கிறது! லினக்ஸ் பொதுவாக 64இல் தொடங்கும், விண்டோஸ் 128இல். ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்று குறைக்கும், பூஜ்யம் ஆனால் பாக்கெட் குப்பைக்குப் போகும், அனுப்பியவருக்கு ஒரு தகவலும் போகும். ட்ரேஸ்ரூட் கருவி இதைத்தான் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்துகிறது: வேண்டுமென்றே டிடிஎல் 1, 2, 3 என்று வைத்து அனுப்பி, எந்தெந்த ரவுட்டரில் செத்தது என்ற தகவலை வைத்தே பாதையை வரைந்துவிடும். நடுவில் நட்சத்திரக் குறி வந்தால் பதற வேண்டாம், சில ரவுட்டர்கள் அந்தத் தகவலை அனுப்பாமல் இருக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும், பாக்கெட்டைத் தாண்டவிடுவதில் அவற்றுக்குக் குறை எதுவும் இருக்காது.

அடுத்து ரவுட்டிங் டேபிள். ஒரு சின்ன டேபிளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்:

192.168.1.0/24 : நேரடியாக, போர்ட் 1
10.20.0.0/16 : 10.0.0.2 வழியாக
10.20.5.0/24 : 10.0.0.6 வழியாக
0.0.0.0/0 : 198.51.100.1 வழியாக

"வழியாக" என்று இருப்பது நெக்ஸ்ட் ஹாப், அடுத்த ரவுட்டர். இப்போது 10.20.5.9க்கு ஒரு பாக்கெட் வருகிறது. இரண்டாவது வரி பொருந்துகிறது, மூன்றாவது பொருந்துகிறது, கடைசி வரி எதற்கும் பொருந்தும். எதை எடுப்பது? எது மிகக் குறுகலாக, அதிக பிட்டுகள் பொருந்தும்படி சொல்கிறதோ அதை, அதாவது /24. இந்த விதியின் பெயர் லாங்கஸ்ட் பிரிஃபிக்ஸ் மேட்ச். டேபிளில் எந்த வரி மேலே இருக்கிறது, எது கீழே என்பது கணக்கே இல்லை. நம் 203.0.113.50க்கு முதல் மூன்று வரியும் பொருந்தாது, ஆகவே 0.0.0.0/0 என்ற டீஃபால்ட் ரவுட். "வேறு எதுவும் தெரியவில்லை என்றால் இங்கே அனுப்பு" என்பதுதான் அந்த வரி.

இந்த விதி எவ்வளவு வலிமையானது என்பதற்கு உலகறிந்த சம்பவம் ஒன்று உண்டு. 2008 பிப்ரவரியில் பாகிஸ்தானில் யூடியூபைத் தடுக்க அரசு உத்தரவிட்டது. அங்கிருந்த தொலைத்தொடர்பு நிறுவனம் உள்நாட்டுத் தடைக்காக 208.65.153.0/24 என்ற வரியைப் போட்டது, அது கசிந்து உலகத்துக்கும் அறிவிப்பாகப் போய்விட்டது. யூடியூப் அறிவித்திருந்தது 208.65.152.0/22, அதாவது 1024 முகவரி கொண்ட பெரிய தொகுதி. அதற்குள் இருக்கும் 256ஐ மட்டும் சுட்டும் /24 அதைவிடக் குறுகல். அவ்வளவுதான், உலகின் பல பகுதிகளில் ரவுட்டர்கள் விதிப்படி /24ஐத் தேர்ந்தெடுத்து யூடியூபுக்குப் போக வேண்டியதைப் பாகிஸ்தானுக்கு அனுப்பின. யூடியூப் தானும் அதே /24ஐ அறிவித்தது, அப்புறம் அதையும் விடக் குறுகலாக இரண்டு /25 அறிவித்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் நிலைமை சீரானது. எந்தக் கருவியும் பழுதாகவில்லை, எல்லா ரவுட்டரும் தன் வேலையைச் சரியாகவே செய்தது.

டேபிளில் வரிகள் எப்படி வருகின்றன? நேரடியாகக் கேபிள் போட்ட நெட்வொர்க் தானாக வரும். நீங்கள் கையால் எழுதினால் ஸ்டாட்டிக் ரவுட். பத்து ரவுட்டருக்கு மேல் போனால் கையால் எழுதி மாளாது, ரவுட்டர்களே ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள வேண்டும், அதற்கான மொழிகள்தான் ரவுட்டிங் புரோட்டோகால்கள். பழையது ரிப். நடுவில் எத்தனை ரவுட்டர் என்பதை மட்டும் எண்ணும், 15க்கு மேல் போனால் போக முடியாத இடம் என்று விட்டுவிடும், 30 விநாடிக்கு ஒரு முறை முழு டேபிளையும் பக்கத்து ரவுட்டரிடம் ஒப்பிக்கும். வேகமான இரண்டு கேபிளைத் தாண்டுவதைவிட மந்தமான ஒரு கேபிளைத் தாண்டுவதே மேல் என்று அது நினைக்கும், இன்று அதைக் கற்றுக்கொள்ள அதிக நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஓஎஸ்பிஎஃப் வேறு மாதிரி. தன்னோடு எந்தக் கேபிள் இணைந்திருக்கிறது, அதன் செலவு என்ன என்பதை ஒவ்வொரு ரவுட்டரும் ஊருக்கே சொல்லும், எல்லோர் கையிலும் ஒரே வரைபடம் இருக்கும், அதன் மேல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட குறும்பாதைக் கணக்கை ஒவ்வொருவரும் போட்டுத் தன் பாதையைக் கண்டுகொள்வார்கள். ஒரே புரோட்டோகாலுக்குள் பாதைகளை ஒப்பிடும் எண் மெட்ரிக். ஒரே இடத்துக்கு இரண்டு வேறு புரோட்டோகால்கள் வழி சொன்னால் யாரை நம்புவது என்பதை முடிவு செய்யும் எண் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ். சிஸ்கோ ரவுட்டரில் நேரடி இணைப்புக்கு 0, ஸ்டாட்டிக்குக்கு 1, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, ரிப்புக்கு 120, குறைவானது வெல்லும்.

இவையெல்லாம் ஒரு நிறுவனத்துக்குள். இணையம் என்பதோ தனித்தனி நிர்வாகங்களின் நெட்வொர்க்குகள் பின்னிக் கிடப்பது, ஒவ்வொன்றும் ஓர் அட்டானமஸ் சிஸ்டம், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அவை தங்களுக்குள் பேசும் மொழி பிஜிபி, 1989இல் முதல் பதிப்பு வந்தது. "இந்த முகவரித் தொகுதிக்கு என் வழியாகப் போகலாம், நடுவில் இன்னின்ன அட்டானமஸ் சிஸ்டங்கள்" என்று அறிவிப்பார்கள். யார் வழியாக அனுப்புவது என்பதில் தூரத்தைவிட ஒப்பந்தமும் பணமும் அதிகம் பேசும். யூடியூபுக்கு நடந்தது இந்த மொழியில் சொன்ன ஒரு தவறான வாக்கியத்தால்தான்.

வீட்டுப் பெட்டி, திரும்பி வரும் வழி

வீட்டில் ரவுட்டர் என்று நாம் சொல்லும் பெட்டிக்குள் ரவுட்டர், நாலு போர்ட் ஸ்விட்ச், வைஃபை ஆக்சஸ் பாயின்ட், டிஎச்சிபி சர்வர் என எல்லாமே இருக்கின்றன. படிக்கும்போது குழப்பம் வருவதற்கு இந்தப் பெட்டியே பெரிய காரணம். கூடவே அது நாட் (முகவரியை மாற்றி எழுதும்) வேலையும் செய்கிறது. 192.168 என்று தொடங்கும் முகவரிகள், 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை ஆகிய மூன்றும் தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கியவை, பொது இணையத்தில் போகாது. 32 பிட்டில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிதான் என்பதால் வீட்டுக்கு ஒரு பொது முகவரியை மட்டும் கொடுத்துச் சமாளிக்கிறார்கள்.

ஆகவே நம் பாக்கெட் வெளியேறும்போது ரவுட்டர் அனுப்புநர் முகவரியான 192.168.1.10ஐ அழித்துத் தன் பொது முகவரி 198.51.100.7ஐ எழுதுகிறது. அனுப்புநரின் போர்ட் எண் 51000 என்று இருந்ததை 40001 என்று மாற்றி, இந்த ஜோடியை ஒரு பட்டியலில் குறித்துக்கொள்கிறது. (இந்தப் போர்ட் வேறு, ஸ்விட்சில் கேபிள் செருகும் போர்ட் வேறு, இது கணினிக்குள் எந்த மென்பொருளுக்கு என்று சொல்லும் எண். ஒரே சொல்லை இரண்டு இடத்தில் போட்டது நம் துரதிர்ஷ்டம்.)

பாக்கெட் ரவுட்டர் ரவுட்டராகத் தாண்டி சர்வரை அடைகிறது, சர்வர் பதில் அனுப்புகிறது. போன வழியாகவே அது திரும்பி வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நடுவில் இருக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் தன் டேபிளைப் பார்த்துப் புதிதாக முடிவு செய்யும். "போகிறது, ஆனால் பதில் வரவில்லை" என்ற புகார் வந்தால் அந்தப் பக்கத்து ரவுட்டருக்கு உங்கள் நெட்வொர்க்குக்குத் திரும்பும் வழி தெரியுமா என்று முதலில் பாருங்கள். பலரும் போகும் வழியை மட்டும் நாலு முறை சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நம் பதில் 198.51.100.7, போர்ட் 40001 என்ற முகவரிக்கு வீட்டுப் பெட்டியை வந்தடைகிறது. பெட்டி பட்டியலைப் பார்த்து 192.168.1.10, 51000 என்று திருப்பி எழுதுகிறது. ரவுட்டிங் டேபிளில் 192.168.1.0/24 நேரடி என்று இருக்கிறது. ஆர்ப் பட்டியலில் லேப்டாப்பின் மேக் ஏற்கெனவே இருக்கிறது. புது வெளி உறை போட்டு ஸ்விட்சுக்கு அனுப்புகிறது. ஸ்விட்ச் தன் மேக் டேபிளைப் பார்க்கிறது. போர்ட் 3.